இழுப்பதும் திருப்புவதும் ஒரே சக்கரம்

உங்கள் இல்லத்தில் புதிதாகக் கார் வாங்கும் பேச்சு எழுகிறபோது முதலில் எழும் வினாக்கள் யாவை என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். விலை என்ன என்பார் வாப்பா. பிள்ளைகளோடு எல்லாரும் அமரலாமா என்பார் உம்மா. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பார், காருக்கு ஒரு காசும் கொடுக்கப் போகாத பெரிய வாப்பா. வீட்டு இளைஞனோ இவை எதையும் கேட்பதில்லை. அவன் கேட்பது, "பிக்அப் எப்படி?" என்ற ஒன்றுதான்.

அந்த வினாவில் குற்றம் காண நான் வரவில்லை. ஷார்ஜாவில் ஒரு மோட்டார் பட்டறையில் 19 ஆண்டுகள் சக்கரங்களையும் ஸ்டியரிங்கையும் சீர்செய்து பிழைத்தவன் நான். விசையுள்ள காரை ஓட்டுவதில் ஓர் இன்பம் இருக்கிறது என்பதை எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனினும் இளைஞர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் வினா ஒன்று உண்டு: இத்தனை விசையும் எந்தச் சக்கரங்களின் வழியாகத் தரையைச் சேருகிறது? இருபது லட்ச ரூபாய் கொடுத்துக் கார் வாங்கியவர்கள்கூட இதற்கு விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஆட்சி புரிந்த அம்பாசடர் காரை நினைவுகூருங்கள். இயந்திரம் முன்னே இருக்கும். அதன் சுழற்சியை ஒரு நீண்ட தண்டு காரின் அடிவழியே பின் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும். பின் சக்கரங்கள் தள்ளின. முன் சக்கரங்கள் திருப்பின. வேலை பங்கிடப்பட்டிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. அதன் இயந்திரம் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டிருந்தது. நீண்ட தண்டு இல்லை. முன் சக்கரங்களே காரை இழுத்தன. அவையே திருப்பவும் செய்தன. இன்று நம் தெருக்களில் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

முன்சக்கர இழுவை பழைய கருத்துதான். பிரான்சு நாட்டின் சித்ரோன் நிறுவனம் 1934இலேயே இத்தகைய காரைப் பெருமளவில் செய்து விற்றது. ஆயினும் இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, சிறு காருக்குள் பெரிய இடம் கண்டவர் அலெக் இசிகோனிஸ். உஸ்மானியப் பேரரசின் துறைமுகமாயிருந்த இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர் அவர். 1959இல் பிரிட்டனில் வெளிவந்த அவருடைய மினி, மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய நீளத்துக்குள் நான்கு பேரை அமர வைத்தது. அதன் இயந்திரத்தின் ஆற்றல் 34 குதிரைத்திறன். முன் சக்கரங்கள் இரட்டை வேலையை முணுமுணுக்காமல் பார்த்தன. 34 என்ற எண் 150 ஆகி, 200 ஆகி, 300 ஆகிய பிறகுதான் முணுமுணுப்பு தொடங்கியது.

ஏன் என்று பார்ப்போம். ஓடும் காருக்கும் தரைக்கும் உள்ள உறவெல்லாம் நான்கு டயர்களின் அடிப்பரப்பு மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அளவு. ஒரு டயர் தரையைப் பற்றும் பிடிமானத்துக்கு எல்லை உண்டு. அதை ஒரு பணப்பையாக எண்ணிக்கொள்ளுங்கள். பையில் பத்து ரூபாய். காரை இழுப்பதற்கும், நிறுத்துவதற்கும், திருப்புவதற்கும் அந்தப் பத்து ரூபாயிலிருந்தே எடுக்க வேண்டும். ஆறு ரூபாயை இழுப்பதற்குச் செலவிட்டால் திருப்புவதற்கு நான்குதான் மிஞ்சும் என்று நினைப்பீர்கள். நல்ல வேளையாக எட்டு மிஞ்சும். இழுவை முன்னோக்கியும் திருப்பம் பக்கவாட்டிலும் செயல்படுவதால், பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான் இங்கே பொருந்தும்: 6இன் வர்க்கமும் 8இன் வர்க்கமும் கூடி 10இன் வர்க்கம் ஆகின்றன. ஆகவே மிதமாக ஓட்டுகிறவருக்கு வளைவில் குறைவே தெரியாது. ஆனால் ஒன்பதரை ரூபாயை இழுப்பதற்கே கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிஞ்சுவது மூன்று ரூபாய்ச் சொச்சம். பத்தையும் கொடுத்துச் சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கிவிட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் தன் போக்கில் நேராகவே செல்லும். (இது தோராயக் கணக்கு, டயர் கணிதம் படித்ததில்லை.) நனைந்த சாலையில் பணப்பையே சிறுத்துவிடுகிறது. பல மாதம் படிந்த தூசியும் எண்ணெயும் குழம்பும் முதல் மழையில் இன்னும் சிறுத்துவிடுகிறது.

இதோடு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் காரின் மூக்கு உயர்வதைக் கண்டிருப்பீர்கள். பாரம் பின்னோக்கிச் சாய்கிறது என்பது அதன் பொருள். 1,400 கிலோ எடையுள்ள ஒரு முன்சக்கர இழுவைக் கார் நிற்கும்போது முன் சக்கரங்களின் மேல் சுமார் 840 கிலோ இருக்கும் என்று கொள்வோம். வேகமாகக் கிளப்பும்போது அதில் 120 கிலோ வரை பின் சக்கரங்களுக்குப் போய்விடலாம். பின்சக்கர இழுவைக் காருக்கு இது கூடுதல் வரவு. தள்ளுகிற சக்கரத்தின் மேலேயே பாரம் ஏறி அமர்கிறது. முன்சக்கர இழுவைக்கோ, அதிகம் இழுக்க வேண்டிய அதே நொடியில் பிடிமானம் குறைகிறது.

ஷார்ஜாவில் எங்கள் பட்டறைக்கு ஒரு குறிப்பிட்ட முறையீட்டோடு வருவோர் இருந்தனர். ஆறு சிலிண்டர் இயந்திரம் பூட்டிய ஜப்பானிய முன்சக்கர இழுவைக் கார்கள் அங்கே ஏராளம். "காக்கா, சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. அலைன்மெண்ட் பாருங்கள்" என்பார்கள் நம் ஊர்க்காரர்கள். பார்ப்பேன். பெரும்பாலும் அலைன்மெண்டில் குறையிராது. ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் தானாகத் துள்ளும் இக்குணத்தை டார்க் ஸ்டியர் என்பார்கள். குறுக்காக வைத்த இயந்திரத்தின் ஒரு முனையில் கியர்பாக்ஸ் பொருத்தப்படுகிறது. அதனால் இடச் சக்கரத்துக்குச் செல்லும் தண்டும் வலச் சக்கரத்துக்குச் செல்லும் தண்டும் ஒரே நீளத்தில் அமைவதில்லை. மூக்கு உயரும்போது குட்டைத் தண்டு ஒரு கோணத்திலும் நீளத் தண்டு வேறு கோணத்திலும் வளைந்து நின்று சுழல்கின்றன. இரு சக்கரங்களும் ஸ்டியரிங்கை எதிரெதிர்ப் பக்கம் சமமாக இழுத்துச் சமன்செய்ய வேண்டிய இடத்தில், ஒன்று வென்றுவிடுகிறது. சாலையின் ஒரு பக்கம் மணலும் மறுபக்கம் தாரும் இருந்தால் இந்தத் துள்ளல் இன்னும் கூடும். நீளத் தண்டை இரண்டாகப் பகுத்து, நடுவில் ஒரு துணைத் தண்டை நிறுத்தி, இரு பக்கமும் சம நீளமாக்குவது இதற்குப் பொறியாளர்கள் கண்ட முதல் மருந்து.

பெரிய விசையை முன் சக்கரங்களுக்குக் கொடுத்து வென்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோ, 1966ஆம் ஆண்டு மாடலாக வந்தபோதே ஏழு லிட்டர் இயந்திரமும் 385 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. அத்தனையும் முன் சக்கரங்களுக்கே. பாறை போன்ற அந்த இயந்திரம் முன் சக்கரங்களின் மேலேயே அமர்ந்து அழுத்தியது ஓர் உதவி. அக்காருக்கென்றே ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தனி டயர் செய்து கொடுத்தது என்பதையும் கவனியுங்கள். ஃபோர்டு நிறுவனத்தின் ஃபோகஸ் ஆர்.எஸ். வரலாறு இன்னும் சுவையானது. 2002இல் 200ஐச் சற்றுத் தாண்டிய குதிரைத்திறன். 2009இல் 300ஐத் தாண்டியது. அதற்காக, ஸ்டியரிங்கோடு திரும்பும் பகுதியைச் சஸ்பென்ஷன் தூணிலிருந்து பிரித்து, திரும்பும் அச்சைச் சக்கரத்தின் மையத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தனர். ஒரு சக்கரம் வீணாகச் சுழலும்போது மற்றதற்கு விசையைத் தள்ளிவிடும் சிறப்பு டிஃபரன்ஷியலும் பொருத்தினர். 350 குதிரைத்திறனோடு மூன்றாம் தலைமுறை வந்தபோது முன் சக்கரங்களை மட்டும் நம்பியிருப்பதைக் கைவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்துவிட்டனர். ஹோண்டா பிடிவாதமாக நின்றது. அதன் சிவிக் டைப் ஆர், 300க்கும் மேற்பட்ட குதிரைத்திறனை முன் சக்கரங்களுக்கு மட்டுமே கொடுத்து, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.832 கிலோமீட்டரை 2023இல் 7 நிமிடம் 44.881 விநாடியில் சுற்றி வந்தது.

ஆகவே முன்சக்கர இழுவையும் பெரிய விசையும் ஒன்றுசேரவே கூடாது என்பதில்லை. அச்சு, தண்டு, டிஃபரன்ஷியல், டயர் எல்லாவற்றையும் அந்த விசைக்கென்றே திருத்தியமைத்த பிறகு சேரலாம். என் தங்கை மகன் செய்தது வேறு.

அவர் வைத்திருப்பது டர்போ பெட்ரோல் கார். தொழிற்சாலை கொடுத்தது 150 குதிரைத்திறன். சென்னையில் ஒரு பட்டறையில் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி அதை 190 ஆக்கிக்கொண்டார். அரை நாள் வேலை. (இத்தகைய மாற்றத்துக்குக் காப்புறுதி நிறுவனமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் என்ன சொல்லும் என்பதை விசாரிக்காமல் எவரும் இதில் இறங்க வேண்டாம்.) தண்டு மாறவில்லை, டிஃபரன்ஷியல் மாறவில்லை, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய டயர்களும் மாறவில்லை. பையிலிருந்த பணம் அப்படியே இருக்க, செலவாளிக்கு மட்டும் ஊதியமில்லாத உற்சாகம் கூடியது.

ஐப்பசியின் முதல் மழை பெய்த ஒரு மாலை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை. பின்னிருக்கையில் என் தங்கையும், மருமகளும், எட்டு மாதக் குழந்தையும். ஒரு லாரியை முந்திய வேகத்திலேயே உப்பளங்கள் சாலையை நெருங்கும் ஒரு வளைவு வந்திருக்கிறது. காலை எடுக்காமலே ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார். கார் திரும்பவில்லை. நேராகச் சென்று சாலையோரச் சேற்றில் புதைந்து நின்றது. எதிரே வாகனம் வரவில்லை. ஓரத்தில் ஆள் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

மறுநாள் காரை என்னிடம் கொண்டுவந்து, "ஸ்டியரிங்கில் பழுது மாமா. திருப்பினேன், கேட்கவில்லை" என்றார். ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இல்லை. முன் டயர்களைக் காட்டினேன். இழுப்பதும் திருப்புவதும், நிறுத்துவதில் பெரும்பங்கும் அவற்றின் தலையிலேயே விழுவதால் முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் விரைவில் தேயும். அவற்றில் வரிப்பள்ளம் இரண்டு மில்லிமீட்டர்தான் எஞ்சியிருந்தது. சட்டம் கேட்கும் குறைந்த அளவு 1.6. பின் டயர்களில் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது.

"அப்படியென்றால் முன்னால் இரண்டு புது டயர் போட்டுவிடலாம்" என்றார். வீட்டுக்கு வீடு இதே முடிவைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். இரண்டே டயர் வாங்குவதானால், இழுப்பது முன் சக்கரமாயினும் புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னிருந்தவற்றை முன்னால் கொண்டுவர வேண்டும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஓட்டுநர் காலை இதமாகத் தளர்த்தினால் பாரம் முன்னோக்கி வந்து பிடிமானம் மீளும். பின் டயர் வழுக்கினாலோ வால் வீசிக் கார் சுழன்றுவிடும். அதை மீட்பது பயிற்சி பெற்றவருக்கே அரிது. விசையுள்ள முன்சக்கர இழுவைக் காரில் இந்த அபாயம் கூடுதல். வளைவின் நடுவே அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பாரமெல்லாம் முன்னே பாய்ந்து பின்புறம் இலேசாகிவிடும். 1984இல் வெளிவந்து ஐரோப்பிய இளைஞர்களைக் கவர்ந்த பெஷோ 205 ஜி.டி.ஐ. என்ற சிறு கார் இக்குணத்துக்கே பேர்போனது. ஆகவே முன் சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால், ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்ப வேண்டாம். காலைப் பறித்து எடுக்கவும் வேண்டாம். மெல்லத் தளர்த்துங்கள், திருப்பிய அளவைச் சற்றே குறையுங்கள், டயர் மறுபடி தரையைப் பற்றுவது கைக்கே தெரியும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு நேராகும்போது சிறிது சிறிதாக விசை கொடுப்பவருக்கு இந்த நிலையே வராது.

சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு புதிய கார்கள் பலவற்றில் உண்டு. அதை அணைத்து வைக்கும் பொத்தானும் உண்டு; இளைஞர் கை முதலில் தேடுவது அந்தப் பொத்தானைத்தான். ஆயினும் அந்த ஏற்பாடு செய்வது விசையைக் குறைப்பதும், சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் பிடிப்பதுமே. தேய்ந்த டயரில் இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்தும் கொண்டுவந்து தராது.

குடும்பத்தோடு பயணம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஓட்டுநர் தனியே செல்லும்போது இருக்கும் கார் வேறு. பின்னிருக்கையில் மூவரும், பின்னால் நான்கு பெட்டிகளும், கூரைமேல் ஒரு மூட்டையும் ஏறிய பின் இருக்கும் கார் வேறு. ஏறிய பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரங்களின் மேலேயே அமர்கிறது. முன் சக்கரங்களின் பங்கு விகிதத்தில் குறைகிறது. ஆனால் இழுக்க வேண்டிய எடையோ கூடிவிட்டது. கொடைக்கானல் மலைப்பாதையில் மழை நாளில், செங்குத்தான ஏற்றத்தில் நின்று கிளம்பும் முன்சக்கர இழுவைக் காரின் சக்கரங்கள் சுழல்வது இதனால்தான். முற்காலத்து ஓட்டுநர்கள் சிலர் வழுக்கும் சிறு மேட்டில் இத்தகைய காரைத் திருப்பி, பின்னோக்கியே ஏற்றிவிடுவார்கள். கேலிபோலத் தோன்றினாலும் அது முற்றிலும் பௌதிக முறைப்படியானது. அப்போது பாரம் இழுக்கும் சக்கரங்களின் பக்கம் சாய்கிறது. முழுப் பாரத்துக்கு உரிய காற்றழுத்தம் ஓட்டுநர் கதவோரச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெருநாள் பயணத்துக்கு முன் அதைப் படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை விரைந்து ஓட்டிய அன்ஜஷா என்பவரிடம், நிதானமாக நடத்துமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததையும், ஏறியிருந்தவர்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டதையும் ஹதீஸ் நூல்களில் படித்திருப்பீர்கள். ஒட்டகமோட்டிக்குத் தெரியாத விரைவு, பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். காரிலும் அப்படியே. ஓட்டுநருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு என்ன இருக்கிறது?

(மடியில் வைப்பதே தவறு, குழந்தைக்கெனத் தனி இருக்கை வாங்கிப் பொருத்துங்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அந்தக் காரில் அது இல்லை. இப்போது இருக்கிறது.)

நான்கு புது டயர்கள் வாங்கிப் போட்டார் மருமகன். இயந்திரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும்படி தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதை மட்டும் அவர் இன்னும் செய்யவில்லை. "காக்கா, இனி அவன் ஓட்டினால் நான் ஏறலாமா?" என்று தங்கை என்னிடம் கேட்டார். உடனே விடை சொல்லவில்லை. அடுத்த மழை நாளில் அவரருகே அமர்ந்து தூத்துக்குடி வரை போய் வந்தேன். வேகமானியை நான் பார்க்கவில்லை. அவருடைய வலக்காலைத்தான் பார்த்தேன். அதே வளைவுக்கு நெடுந்தூரம் முன்பே கால் தளர்ந்தது. கார் நேரான பின்பே மறுபடி அழுந்தியது. வீடு திரும்பி, ஏறலாம் என்று தங்கையிடம் சொன்னேன்.

இப்போது அவர் பார்வை மின்சாரக் காரின் மேல் விழுந்திருக்கிறது. வாசகர் பலரும் அதே யோசனையில் இருப்பீர்கள் என்பதால் ஒரு செய்தி. பெட்ரோல் இயந்திரம் சுழற்சி கூடக் கூடத்தான் முழு விசையைத் தரும். மின்மோட்டாரோ நின்ற இடத்திலேயே தன் முறுக்குவிசை முழுவதையும் தரவல்லது. 2019இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்சாரக் கார் 395 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முன் சக்கரங்களுக்கே கொடுத்தது. பெரிய டீசல் கார்களுக்கு நிகரான அளவு அது. டாட்டா நெக்ஸான், பி.ஒய்.டி. ஆட்டோ 3 ஆகிய மின்சாரக் கார்களும் முன்சக்கர இழுவையே. நீண்ட தண்டு தேவையில்லாததால் மோட்டாரை எந்த முனையிலும் வைக்கலாம் என்பது மின்சாரக் காரின் வசதி. வோல்வோ நிறுவனம் ஒற்றை மோட்டார் எக்ஸ்.சி.40 மின்சாரக் காரின் விசையை 2023இல் முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்கு மாற்றிக்கொண்டது. 2024 நவம்பரில் மஹிந்திரா அறிமுகம் செய்த பி.இ. 6 காரிலும் பின் சக்கரங்களே தள்ளுகின்றன. முன்சக்கர இழுவை மின்சாரக் காரை வாங்குவதில் தவறில்லை. ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை மழைக் காலத்தில் சிக்கன முறையிலேயே வைத்தால் கால் அழுத்தத்துக்கு மோட்டார் நிதானமாகப் பணியும்.

விற்பனையகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லும்போது, விற்பனையாளரோடு தனியே போகாதீர்கள். வீட்டார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, கூடுமானால் மழை பெய்து விட்ட ஒரு நாளில், வளைவுள்ள சாலையைத் தேர்ந்தெடுத்துப் போய் வாருங்கள். இறங்கியதும் கார் எப்படி இருந்தது என்று முதலில் பின்னிருக்கையில் இருந்தவர்களிடம் கேளுங்கள்.